தேன்மொழியின் மடிக்கணினி பற்றி மாணிக்கத்துக்கு

பாயான் பாரு, பினாங்கு

அன்புள்ள மாணிக்கம்,

தேன்மொழிக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறையில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் சரோஜா கேசரி கிளறிவிட்டாள். பிள்ளை செந்தூலில், இனிப்பு பினாங்கில்! கெலுகோர் வளாகத்திலிருந்து எங்கள் வீடு அதிக தூரமில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாடு இங்கேதான் என்று அவளிடம் இப்போதே சொல்லி வை. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி அவள் குறை சொல்லும் முன்பே நாங்கள் முந்திக்கொள்கிறோம்.

எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. சரோஜாவின் முழங்கால் வலி மழை பெய்தால் வருகிறது, வெயில் அடித்தால் போகிறது. நான் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. பிறையில் வார இறுதியில், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்கான இலக்கிய வகுப்பும் நடக்கிறது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதைப் பற்றி நேரில் பேசுவோம், எழுத ஆரம்பித்தால் கோபம் வரும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மெல்லிசான மடிக்கணினிதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள், கடைக்காரரும் அதையே புகழ்கிறார், நீயும் அப்படி ஒன்றைத்தானே வைத்திருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். வாங்கிக் கொடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை மனத்தில் வை. பழைய தடித்த கணினி என்றால் முதலில் வாங்கிவிட்டு, உள்ளே வேண்டியதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதில் அந்தப் 'பிறகு' கிடையாது. கடையில் பணம் கட்டும்போதே, படிப்பு முடியும்வரை அந்தக் கணினி எப்படி இருக்கும் என்பது முடிவாகிவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். என் பழைய கணினி சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோவைத் தொடும். இப்போது இருப்பது ஒன்றேகால் கிலோ. படகில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, நிலையத்துக்கு நடந்து, இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல்வரை வருகிற எனக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரிகிறது. ஏற்ற இறக்கமான அந்த வளாகத்தில் விடுதிக்கும் வகுப்புக்குமாக நடக்கப்போகிற தேன்மொழிக்கும் தெரியும். கனமான கணினியைப் பிள்ளைகள் அறையிலேயே வைத்துவிட்டுக் கைப்பேசியில் குறிப்பெடுக்கிறார்கள். பையில் இருப்பதே தெரியாத கணினியைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோவார்கள். சார்ஜர் இல்லாமலே காலையில் கிளம்பி மாலைவரை ஓட்டிவிடலாம் என்பது இன்னொரு சுகம். என்னுடையதில் மின்விசிறியே இல்லை. நடுநிசியில் நான் தட்டச்சு செய்தாலும் சரோஜாவின் தூக்கம் கெடுவதில்லை. அவளைப் பொறுத்தவரை இந்தக் கணினியின் ஒரே சிறப்பு அதுதான்.

இந்த மோகம் எங்கே பிறந்தது தெரியுமா? 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஓர் அலுவலகக் காகித உறையைப் பிரித்து அதற்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவினார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் அந்தக் கணினியில் யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. குறுந்தட்டு போட வழியில்லை. பேட்டரியை நாமாகக் கழற்ற முடியாது. நினைவகம் (ரேம்) உள்ளே இருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்றைய மெல்லிய கணினிகள் எவ்வளவோ வேகமாகிவிட்டன, விலையும் அன்றைய அளவுக்கு இல்லை. ஆனால் மெலிவுக்காக மாற்றும் வசதியை விட்டுக்கொடுக்கும் அந்தப் பேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பற்றவைப்பது என்றதும் என் பெரியக்கா நினைவுக்கு வருகிறார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தாராள வர்த்தக வட்டாரம் தொடங்கி, இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே அமைத்த பிறகு, நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்த வட்டாரத்து மின்னணு ஆலைகளுக்குப் போனார்கள் என்பது உனக்கும் தெரியும். அக்காவும் அப்படிப் போனவர்தான். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லுக்கு இணைக்கும் வேலை. என் கணினியின் அடிமூடியைத் திறந்து காட்டியபோது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முக்கால் பங்கு இடத்தைக் கறுப்புப் பேட்டரிகள் அடைத்திருந்தன. மேலே ஒரு விரற்கடை அகலத்துக்குத்தான் பலகை. "எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார்களே, ஒன்று போனால் எதைக் கழற்றுவது?" என்றார்.

அதுதான் கேள்வி. நினைவகத்தை ஒட்டுவதற்கு நியாயமான காரணமும் உண்டு. செருகும் வகை நினைவகத்துக்கு உயரம் வேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் நினைவகத்தைக் கணினியின் மூளையான செயலிச் சில்லுக்கு நெருக்கமாக வைத்தால் வேகமும் கூடும், பேட்டரியும் மிஞ்சும். ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளில் நினைவகத்தைச் செயலியோடு ஒரே உறையில் வைத்துவிட்டது. ஆகையால் 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். நாலைந்து ஆவணங்கள், இருபது இணையப் பக்கங்கள், ஒரு காணொளிக் கூட்டம் என்று சேரும்போது 8 திணறும். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை விலை ஏற்றாமல் 16 ஜிபி ஆக்கியது. ஆனால் பழைய இருப்பை 'சலுகை விலை' என்று தள்ளிவிடும் கடைகள் உண்டு. அதில் மயங்காதே. கோப்புகளை வைக்கும் சேமிப்பகம் அப்படியல்ல. பல விண்டோஸ் கணினிகளில் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கையில் இருக்கும் கூடுதல் ரிங்கிட்டை நினைவகத்தில் போடு.

அடுத்தது சூடு. தேன்மொழி படிக்கப்போவது தகவல் தொடர்பு. கட்டுரை எழுதுவதோடு நிற்காது, காணொளி தொகுக்கச் சொல்வார்கள். மின்விசிறி இல்லாத கணினியில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உறவுக்காரப் பையன் ஒருவனின் திருமணக் காணொளியை என் கணினியில் தொகுத்தோம். முதல் சில நிமிடங்கள் பறந்தது. பிறகு விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே இருக்கிற உலோகப் பட்டை விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. அதன்பின், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் ஓடிய நீலக் கோடு நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. பழுது ஒன்றும் இல்லை. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெல்லிய கணினிகளுக்கான இன்டெல் 'யூ' வரிசைச் சில்லுகளுக்குப் பல ஆண்டுகள் அடிப்படை மின் அளவு 15 வாட்டாக இருந்தது. கனமான கணினிகளில் வந்த 'எச்' வரிசைக்கு 45 வாட்டாக இருந்தது. ஒரே பெயர்ப்பலகை ஒட்டியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அதிலும் நம் ஊர் வெக்கையில், குளிர்சாதனம் இல்லாத விடுதி அறையில், சூடு இன்னும் சீக்கிரம் ஏறும்.

அதனால் அவளுக்கு என் யோசனை: எல்லாவற்றிலும் மெல்லியது வேண்டாம். மின்விசிறி உள்ள, 1.3 அல்லது 1.4 கிலோ எடையுள்ள 14 அங்குலக் கணினி போதும். 'இதைவிட அது இருநூறு கிராம் குறைவு' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. ஒரு தண்ணீர்ப் புட்டியே அதைவிடக் கனம்.

விசைப்பலகையை அவள் கையாலேயே தட்டிப் பார்க்கட்டும். கணினி மெலிய மெலிய, விசை அழுந்தும் ஆழமும் குறைகிறது. 2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த 'பட்டர்பிளை' விசைகள் ஒரு தூசி புகுந்தாலே ஒட்டிக்கொண்டன. அந்த வழக்கை முடிக்க அந்த நிறுவனம் 2022-இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தமிழ் தட்டச்சு செய்கிறவனுக்கு அந்த வேதனை இரட்டிப்பு. தமிழ் 99 விசைமுறையில் புள்ளி விசை ஒட்டிக்கொண்டால் ஒரு வரிகூட நகராது. இப்போது நிலைமை பரவாயில்லை. ஆனாலும் கடையில் நின்றபடியே இரண்டு பத்தி அடித்துப் பார்க்கச் சொல்.

துளைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு யூஎஸ்பி-சி மட்டும் இருந்தால் இணைப்புப் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்துப் படவீழ்த்திக்கு (புரொஜெக்டர்) இன்னும் பழைய நீல நிற விஜிஏ முனைதான். அந்தப் பெட்டி இல்லாமல் போனால் பெற்றோர் கூட்டத்தில் வெறும் கையோடு நின்று பேச வேண்டியதுதான்.

பேட்டரி பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுப் பையன் தன் கணினியைக் காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகிற பழக்கமுள்ளவன். ஒருநாள் டச்பேட் அழுந்தவில்லை என்று கொண்டுவந்தான். மேசைமீது வைத்தால் ஆடியது. உள்ளே பேட்டரி உப்பி, அடிமூடியைக் கீழேயும் டச்பேடை மேலேயும் தள்ளியிருந்தது. மெல்லிய உடலில் அதற்கு ஒதுங்க இடமே இல்லை. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் கொண்டுபோய்ப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தோம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருந்ததால் மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, கடையில் கேட்ட தொகை ஒரு புதுக் கணினி விலையில் பாதி. இந்தச் செலவையெல்லாம் விலைச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை. ஆகவே உத்தரவாதத்தை மூன்று ஆண்டுக்கு நீட்டிக்க முடியுமா என்று கேள். தேநீர் கொட்டினால் அது செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கு.

கணினி வாங்க லோயாட் பிளாசாவுக்குப் போகிறாய் என்றால் வேலை நாள் காலையில் போ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரும் உனக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். மாணவர் விலை தருகிற நிறுவனங்களும் உண்டு. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்தின் நகலைக் கையோடு எடுத்துப் போ.

பதிவு நாளுக்கு முந்தின நாளே மூவரும் இங்கே வந்துவிடுங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தங்கைக்கு எங்கள் அன்பு. எந்தக் கணினி என்று முடிவானதும், பணம் கட்டும் முன் அதன் முழு மாதிரி எண்ணை எனக்கு அனுப்பு. ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும் விற்கிறார்கள். பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அந்த எண்ணில்தான் தெரியும்.

உன்,
சந்திரன்