அப்புறம் என்ன ஆச்சு?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் செய்திப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கெட்ட செய்தியே போடாதீர்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. கொலை நடந்தால், பாலம் இடிந்தால், கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்தால் அதை எங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். என் குறை வேறு. கெட்டது நடக்கும்போது வருகிறீர்கள், நேரலை போடுகிறீர்கள், கிளம்பிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. பார்க்கிற எங்களிடம் மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. அந்தத் தீபாவளியைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் டிவி முன்னால்தான் கழித்திருப்பார்கள். பக்கத்தில் குழி தோண்ட ரிக் இயந்திரம் வந்தது, பாறை தட்டியது, அதைவிடப் பெரிய ரிக் வந்தது. எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்ற எண் திரையின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. 29ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் மீட்டார்கள்.

அதே நாட்களில் தூத்துக்குடியில் இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை வீட்டுக் குளியலறையில் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் விழுந்து இறந்தது. பெற்றோர் டிவியில் மீட்புப் பணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்களும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தோம்.

அந்த நான்கு நாளும் நீங்கள் அங்கே இருந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் கேட்பது நவம்பர் மாதத்தைப் பற்றி. பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும், தோண்டும்போது சுற்றிலும் முள்வேலி போட வேண்டும், தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு 2015இல் தனி விதிகளே கொண்டுவந்தது. அப்புறமும் ஒரு குழந்தை விழுந்தது என்றால் எந்த அலுவலகத்தில் எந்தக் கட்டத்தில் அது நின்றுபோனது? நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு, கைவிடப்பட்ட கிணறுகளை மூடச் சொல்லியும் மழைநீர் சேகரிப்புக்கு மாற்றச் சொல்லியும் அறிவிப்புகள் வந்தன. ஒன்றியம் ஒன்றியமாகப் போய், மூடியது எத்தனை, இன்னும் வாய் திறந்து கிடப்பது எத்தனை என்று எண்ணிச் சொல்லியிருந்தால், அந்த நான்கு நாள் நேரலையைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ள செய்தி அது. எந்தச் சேனலிலும் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். 1965இல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்துங், மாரி ஹோல்ம்போ ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டுப் பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று பார்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பளிச்சென்று பட்டது. பத்திரிகை தினமும் வருகிறது. ஒரு நாளுக்குள் நடந்து முடிகிற விஷயம் அதில் சுலபமாக இடம்பிடிக்கும், வருடக்கணக்கில் நடப்பது பிடிக்காது. ஒரு மனிதரை வளர்த்து ஆளாக்க எவ்வளவு காலம் ஆகிறது, விபத்தில் அவர் சாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களே ஒப்பிட்டும் காட்டுகிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் என்று இருந்த கணக்கு இன்றைக்கு உங்களிடம் அரை மணி நேரமாகிவிட்டது. மெதுவாக நடக்கிற எதுவும் தலைகாட்ட வழியே இல்லை.

பிரசவ மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். உறவினர்கள் சாலை மறியல் செய்கிறார்கள், போலீஸ் வருகிறது, நீங்களும் வருகிறீர்கள். வரத்தான் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் மத்திய அரசு நடத்தும் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2001-03இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் என்ற கணக்கில் இறந்தார்கள். 2018-20இல் அது 54. அப்போது இந்திய அளவில் 97. இந்தக் குறைவு எந்தத் தேதியில் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகளைப் போட்டு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது, 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக விசாரித்தது என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை. இதற்கு நேரலை கிடையாது. பிழைத்து வீட்டுக்குப் போன பெண் எந்த ரோட்டிலும் வந்து உட்காரமாட்டாள்.

இவ்வளவு குறைந்த பிறகும் இந்தப் பெண் ஏன் செத்தாள் என்பதுதான் உண்மையான கேள்வி. ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து டாக்டர் இருந்தாரா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதமா? அந்தப் பெரிய கணக்கைத் தெரிந்த நிருபருக்குத்தான் இதைக் கேட்கத் தோன்றும். நல்லதைச் சொல்லாமல் விடுவதால் கெட்டதைக்கூட நீங்கள் அரைகுறையாகத்தான் சொல்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த விசாரணை என்ன சொன்னது என்று கேட்கவும் ஆள் இல்லை.

மக்கள்தானே இதைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2023இல் வந்த ஓர் ஆய்வில், அப்வொர்த்தி என்ற அமெரிக்க இணையதளத்தின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகளை அலசினார்கள். நல்ல விஷயங்களைப் பரப்பவே தொடங்கிய தளம் அது. அங்கேகூட, தலைப்பில் எதிர்மறையான சொல் ஒன்று கூடினால் கிளிக் 2.3 சதவீதம் கூடியிருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் திரும்பிப் பார்ப்பது மனிதரின் இயல்பு. ஆனால் 2.3 சதவீதம் என்பது அப்படி ஒன்றும் பெரிய மலை இல்லை. அதற்காக நாள் முழுக்க அதையே ஓட்ட வேண்டும் என்று ஆகாது.

ரேட்டிங் என்பீர்கள். 2020 அக்டோபரில் டிஆர்பி முறைகேட்டுப் புகார் வெடித்தபோது, எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற பார்க் நிறுவனம், செய்திச் சேனல்களுக்கு மட்டும் ரேட்டிங் வெளியிடுவதை நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை மாதமும் வாராவாரம் ரேட்டிங் வருகிற அந்தப் பரீட்சை உங்களுக்கு இல்லை. திரையில் ஏதாவது மாறியதா? நான் பார்த்தவரை அதே சிசிடிவி, அதே பின்னணி இசை, அதே சிவப்பு வட்டம். அதனால் எல்லாப் பழியையும் ரேட்டிங் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: கெட்ட செய்தி மலிவாகக் கிடைக்கிறது. காலையில் நிருபர் கமிஷனர் அலுவலகத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் ஒரு சுற்று போய்வந்தால் போதும். எஃப்ஐஆரில் பெயர், ஊர், நேரம், காரணம் எல்லாம் தயாராக இருக்கும். கடைக்காரர் சிசிடிவி காட்சியை வாட்ஸ்அப்பில் சும்மாவே அனுப்பிவிடுவார். ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி நன்றாக நடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் பேட்டி கொடுக்க டாக்டர் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், நிருபர் இரண்டு மூன்று நாள் அலைய வேண்டும், பழைய கணக்குகளைப் படிக்க வேண்டும். மாலை ஆறு மணிச் செய்திக்கு எது வந்து சேரும் என்று சொல்லவா வேண்டும்!

இதன் விளைவை என் வீட்டிலேயே பார்க்கிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் போட்ட நியூஸ் சேனல் ராத்திரி வரை ஓடும். எங்கோ வடக்கே ஒரு தெருவில் பைக்கில் வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிற காட்சியை ஒரே மாலையில் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள். மறுநாள் அம்மா தன் சங்கிலியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "வெளியே போகவே பயமா இருக்குடா, காலம் கெட்டுப்போச்சு" என்றார். எங்கள் தெருவில் அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டிவியில் பார்த்ததற்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. அந்தத் திருடன் பிடிபட்டானா என்று அம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் சொல்லவே இல்லை.

நீங்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு ஒரு சான்று. வியன்னா சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகியபோது, இந்தச் செய்திகளை எப்படிப் போட வேண்டும் என்று 1987இல் பத்திரிகைகளுக்கு நெறிமுறைகள் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பரபரப்பைக் கைவிட்டன. அந்த வருடத்தின் பிற்பாதியில் அந்த மரணங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. செய்தி ஆசிரியர்கள் சேர்ந்து எடுத்த முடிவு உயிர்களைக் காப்பாற்றியது.

நம் ஊரிலேயே இன்னொன்று இருக்கிறது. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஊடகங்கள் விடாமல் பேசின, நாடே பதறியது, பள்ளிகளின் ஓலைக்கூரைகள் பிரிக்கப்பட்டன. அந்தத் தீ விபத்தையடுத்துத் தாக்கலான ஒரு பொதுநல மனுவில்தான் 2009இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிப் பாதுகாப்புக்கு உத்தரவு போட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் மெழுகுவத்தி ஏற்றுவதைக் காட்டுகிறீர்கள். அழுகிற தாய்மாரையும் காட்டுகிறீர்கள். கூரைகள் மாறியதையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்த உத்தரவு சொன்ன தீயணைப்புக் கருவிகள் இன்றைக்கு எந்தப் பள்ளியில் வேலை செய்கின்றன, எங்கே துருப்பிடித்துத் தொங்குகின்றன என்றும் காட்டுங்கள். உங்கள் வேலைக்குப் பலன் இருக்கிறது என்பதை எங்களிடம் மறைக்கிறவர்கள் நீங்களேதான்.

கேட்பது சின்ன விஷயம். வாரத்துக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு முன், ஒரு வருடத்துக்கு முன் நீங்கள் நேரலை போட்ட இடத்துக்கே, முடிந்தால் அதே நிருபரை அனுப்புங்கள். சரியாகியிருந்தால் யார் சரிசெய்தார்கள் என்று சொல்லட்டும். சரியாகவில்லை என்றால் யாரிடம் கோப்பு தூங்குகிறது என்று சொல்லட்டும்.

இதற்குத் தடையாக இருப்பது பணம்தான் என்று உங்கள் துறையில் இருக்கிற நண்பர்கள் சொல்கிறார்கள். பல ஊர்களில் தாலுகா நிருபருக்குச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்கள். விபத்து வீடியோவுக்கு உடனே காசு கிடைக்கும்போது, போன வருட விபத்துக்குப் பிறகு அந்த வளைவில் வேகத்தடை போட்டார்களா என்று பார்க்க அவர் ஏன் சொந்தப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகப் போகிறார்? அதனால் முதல் வேலையாக, இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்து அனுப்புகிற செய்திக்கும் விபத்துச் செய்திக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள், பெட்ரோல் செலவைத் தனியாகக் கொடுங்கள். அடுத்த மாதச் சம்பளப் பட்டியல் போடும்போதே இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் செய்தியைப் பார்க்கும் ஒருவன்