பத்தியை விடு, அட்டையைப் படி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்றால் இனிமேல் உன் வீட்டில் இடுப்புக்குக் கீழே எதையும் வைக்க முடியாது. அவர் ரிடையர் ஆனதிலிருந்து சமையலறையில் வந்து நின்று யோசனை சொல்கிறார் என்று புலம்பியிருக்கிறாய். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பழகிக்கொள்.

என் பக்கத்துச் சேதி முட்டிவலி. தினமும் சமதரையில் நடக்கச் சொன்னார் டாக்டர். வெயில் படாமல், மேடு பள்ளம் இல்லாமல், எதையாவது வாங்கு என்று யாரும் பின்னாலேயே வராமல் நடக்க ஓர் இடம் தேடியதில் கலைக்கூடம்தான் அகப்பட்டது. முட்டிக்காகப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். சட்டம் போட்ட சூரிய அஸ்தமனம் என்று நினைத்துவிடாதே. சமகாலக் கலை என்கிறார்களே, அது. தரையில் மணல் கொட்டியிருக்கும், இருட்டறையில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், நாற்காலி ஒற்றைக்காலில் நிற்கும்.

வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் காசு பறிக்கிறார்களே, அதையும் கலை என்பாயா என்று கேட்டிருந்தாய். மௌரிசியோ கட்டெலான் என்ற கலைஞர் 2019-ல் மயாமியில் ஒட்டிய பழம்தானே? அன்றைக்கு விலை 1,20,000 டாலர். 2024-ல் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பழத்தை எல்லோர் முன்னாலும் தின்றே விட்டார். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பழம் போனால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம். அவர் காசு கொடுத்தது ஒரு சான்றிதழுக்கும், எந்த உயரத்தில் எப்படி ஒட்டுவது என்ற குறிப்புக்கும். எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றார்கள் என்பதால் ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருதரம் சிரித்தால் தீர்ந்துபோகிற ஜோக். மார்செல் துஷாம்ப் என்ற கலைஞர் 1917-லேயே ஆண்கள் கழிப்பறையில் பொருத்துகிற சிறுநீர்க் கோப்பை ஒன்றை வாங்கி, அதில் 'ஆர். மட்' என்று பொய்க் கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டினால் யார் படைப்பையும் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லியிருந்த நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் வைக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கோப்பையும் தொலைந்துபோயிற்று. இன்று மியூசியங்களில் இருப்பதெல்லாம் பின்னால் அவர் சம்மதத்தோடு வந்த பிரதிகள். அந்தக் கோப்பை கண்காட்சிக்காரர்கள் தங்கள் வார்த்தையைக் காப்பாற்றுகிறார்களா என்று சோதித்தது. வாழைப்பழத்துக்கு அந்த வேலை இருக்கவில்லை. கைதட்ட எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள்.

சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது வேறு. ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். பெயர், தலைப்பு, ஆண்டு. அதற்குக் கீழே எதனால் செய்தது என்று ஒரு வரி. அப்புறம் அளவு. சுவரில் இன்னொரு பக்கம் பெரிய எழுத்தில் ஒரு பத்தி. என்னைப் போலப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேரே அந்தப் பத்தியிடம்தான் ஓடுகிறார்கள். அதில் என்ன இருக்கும் தெரியுமா? 'நினைவுக்கும் இன்மைக்கும் இடையிலான வெளியை விசாரணைக்கு உட்படுத்துகிறது' என்று இருக்கும். பிய்த்து அடுத்த அறையில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். அந்த 'எதனால் செய்தது' வரியை அப்படி இடம் மாற்ற முடியாது. காலமெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியவள் சொல்கிறேன், சரடு விடக் கஷ்டமான இடம் அது.

போன மாதம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அகலமான வெள்ளைத் தாள்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் எழுதுகிற நோட்டில் இருப்பதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைக் கோடுகள். பென்சிலில் போட்டது என்று நினைத்தேன். ஸ்கேல் வைக்காமல் இழுத்திருக்கிறார், கை சற்று நடுங்கியிருக்கிறது என்றும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அழகாக இருந்தது, அவ்வளவுதான். நகரப் போகும்போது அட்டை கண்ணில் பட்டது. 'தாள், தலைமுடி.' திரும்பிப் போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்க்கிறேன், ஒவ்வொரு கோடும் ஒரு முடி! தாளின் ஓரத்தில் ஊசியால் துளைத்து, முடியை நுழைத்து இழுத்து, மறு ஓரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முதல் தாள்களில் கறுப்பு. போகப்போக நடுவில் ஒன்றிரண்டு வெள்ளை. கடைசித் தாளில் பல கோடுகள் பாதியிலேயே நின்றுவிட்டன. முடியின் நீளம் அவ்வளவுதான். சீப்பிலிருந்து உருவிச் சுருட்டிப் போடுவோமே, அது ஞாபகம் வந்து முதலில் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் அந்தக் கடைசித் தாளை விட்டு வர மனசில்லை. யாருடைய முடி என்று அட்டையில் இல்லை. பத்தியில் இருந்திருக்கலாம். நான் படிக்கவில்லை.

முழுக்கதையும் அந்த வரியிலேயே அடங்கிய படைப்பு ஒன்று உண்டு. நேரில் பார்த்ததில்லை, படித்ததுதான். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-ல் செய்தது. அறையின் மூலையில் ஒரு மிட்டாய்க் குவியல். வருகிறவர்கள் எடுத்துத் தின்னலாம், பையில் போட்டுக்கொண்டும் போகலாம். அட்டையில் பொருள்: 'பல வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள், தீராத இருப்பு.' அளவு: 'வைக்கும் இடத்தைப் பொறுத்து மாறும், உகந்த எடை 175 பவுண்டு.' அதாவது 79 கிலோ, ஒரு ஆளின் எடை. தலைப்பில் ராஸ் என்ற பெயர் வருகிறது. அவர் கொன்சாலஸ்-டோரஸின் துணைவர். அதே 1991-ல் எய்ட்ஸில் இறந்தார். 1996-ல் இவரும் அதே நோயில் போய்விட்டார். ஆட்கள் எடுக்க எடுக்கக் குவியல் இளைக்கும். மியூசியத்தார் மறுபடி கொட்டி நிரப்பலாம். இப்போது அந்த 'தீராத இருப்பு' என்பதை இன்னொரு தடவை படி. எந்த ரிஜிஸ்டரிலும் நான் எழுதியிருக்க முடியாத பதிவு அது.

இதே படைப்பை வைத்து 2022-ல் சிகாகோவில் ஒரு தகராறு. அங்கே மியூசியத்தில் விளக்கக் குறிப்பை மாற்றியபோது ராஸ் யார் என்பதும் எய்ட்ஸும் காணாமல் போய், சராசரி ஆண் உடலின் எடை என்று மட்டும் இருந்தது. பார்த்தவர்கள் விடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டதும் மறுபடி திருத்தி எழுதினார்கள். ஆகவே பத்தியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். யார், எப்போது, என்ன ஆயிற்று என்று சொல்கிற பத்தியை நின்று படிக்கிறேன். 'விசாரணைக்கு உட்படுத்துகிறது' என்று வந்தால் அடுத்த அறை.

வீடியோ அறை பற்றி எழுதாவிட்டால் உனக்கு முழுப்படம் கிடைக்காது. கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் கண் தெரியாது. பெஞ்சைத் தடவிக்கொண்டே யார் மடியிலாவது உட்கார்ந்துவிடுவோமோ என்று பயம். படம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடியும், ஒன்றும் புரியாது. பாதிக்கு மேல் எனக்குச் சலிப்புத்தான், சொல்ல என்ன கூச்சம். ஆனாலும் வீடியோக்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் பெஞ்சு போட்டிருப்பது அந்த அறைகளில்தான். இந்தக் களைப்பைப் பற்றி பாஸ்டன் மியூசியத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு ஆளை வைத்து, அவர் அட்டையைப் படிக்கக் குனிவதையும் வளைவதையும் குந்துவதையும் வரிசையாகப் போட்டோ எடுத்து, பார்க்க வருகிறவர்கள் ஏன் களைத்துப்போகிறார்கள் என்று காட்டினார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. நான் போகிற இடத்தில் அட்டை இன்னும் என் தொடை உயரத்தில்தான் இருக்கிறது.

மற்றபடி எனக்குக் கிடைத்த நல்ல விளக்கங்கள் காவலுக்கு நிற்கிற பெண்ணிடமிருந்து. நாள் முழுக்க அதே அறையில் நிற்கிறவள் அவள்தானே. ஜனங்கள் எதை அதிகமாகத் தொடப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, மூலையில் மடிந்து கிடந்த தலையணையைக் காட்டினாள். "பளிங்கு என்று அட்டையில் போட்டிருக்கிறதம்மா. படித்துவிட்டுத்தான் தொட வருகிறார்கள்" என்றாள். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். உறையின் தையல் மடிப்புகூட இருந்தது.

தொடுவதைவிட மேலே போன கதையும் உண்டு. ஜெர்மனியில் டோர்ட்முண்ட் மியூசியத்தில் மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பு ஒன்று, மரச்சட்டங்களை அடுக்கிய கோபுரம், அடியில் ஒரு தொட்டி. மழைநீர் காய்ந்த கறைபோல அதில் சாயம் பூசி வைத்திருந்தார். 2011-ல் துப்புரவு செய்ய வந்தவர் அந்தக் கறையைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டார். மதிப்பு 8 லட்சம் யூரோவாம். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தத் தொட்டியை அவ்வளவு கிட்டத்தில் உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று படுகிறது.

உன் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுதவே இல்லையே? இரண்டு கண்ணும் முடிந்து, டாக்டர் சரி என்றதும் இங்கே வா. முடித் தாள்கள் இன்னும் இரண்டு மாதம் இருக்கும் என்றார்கள். சின்ன எழுத்துக்குப் புதுக் கண்ணாடி கொடுப்பார்கள், அதை மறக்காமல் எடுத்துவா. வாரநாளில் காலையிலேயே போய்விடலாம், கூட்டம் இருக்காது. ஒரு அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், பட்டி வைத்ததாகப் போட்டுக்கொண்டு வந்து அங்கே குனிந்து நிமிர்ந்து என்னைத் திட்டாதே.

அவரிடம் கேட்டதாகச் சொல். பேரன் எதை உடைத்தான் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சரோஜா