வீடு பார்க்க வந்த அன்று கூட நின்ற அக்காவுக்கு நன்றி

புறநகர்க் கிராமம், சத்தமில்லாத தெரு, கட்டுப்படியாகும் வாடகை. அந்த அடுக்குமாடி வீட்டைப் பார்க்க வந்தபோது எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. கீழ்வீட்டில் குடியிருந்த நீங்கள், கேட்காமலே எங்களோடு மாடிக்கு வந்தீர்கள்.

குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். அலமாரியை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்து, "பெயின்ட் புதுசுதான், உள்ளே ஈரம் இருக்கு பாருங்க" என்றீர்கள். தொட்டுப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. கசிவைச் சரிசெய்த பிறகே குடிவருவோம் என்று உரிமையாளரிடம் சொல்லும் தைரியம் உங்களால்தான் வந்தது. அவரும் செய்து கொடுத்தார்.

அப்புறம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அறைக்குள் போன் சிக்னல் கிடைக்குமா, முன்பணம் திரும்பத் தரும் விவரம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கச் சொன்னதும் நீங்கள்தான். மின்மீட்டர் அளவை முதல் நாளே படமெடுத்து வைத்தோம். ஒரு தரகர்கூட எங்களுக்கு இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

நாங்கள் குடிவருவதற்குள் நீங்கள் வேறு ஊருக்கு மாறிவிட்டீர்களாம். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ரொம்ப நன்றி அக்கா.