உறையில் இருந்த பெயர்கள்

தமிழ்த் திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலாகங்சார் போகும் வழியில் இருக்கிற சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர் இது. நான் பிறந்தது லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பர் போய் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் நிற்கிறது. நாங்கள் இருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். அங்கிருந்து கொண்டுவந்ததில் அப்பாவின் பால் வெட்டும் கத்தி ஒன்று மிச்சம். அப்புறம் அவர் வாங்கிய இசைத்தட்டுகள். அவற்றோடு நான் நாற்பது வருடமாகத் தேடிச் சேர்த்ததும் சேர்ந்து இன்று இரண்டு அலமாரி நிறையத் தட்டும் கேசட்டும் இருக்கின்றன.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. இசைத்தட்டின் உறையிலும் லேபிளிலும் இருந்த பெயர்களை, இன்று நீங்கள் இணையத்தில் வெளியிடும் பாடல்களில் திரும்பப் போடுங்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பேத்தியின் தமிழ்ப்பள்ளியில் பாட்டுப் போட்டி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு ஒன்றை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாடுவதற்கு முன்னால் படம், எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளை என்னைக் கேட்காமல் கைப்பேசியில் தேடியிருக்கிறாள். "தாத்தா, இந்தப் பாட்டை எம்.ஜி.ஆரா எழுதினாரு?" என்று வந்து நின்றாள். வாங்கிப் பார்த்தேன். கலைஞர் என்ற இடத்தில் முதலில் நடிகரின் பெயர், அதற்கு அடுத்து டி.எம்.சௌந்தரராஜன். எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

எழுதிய அந்த மனிதர் 1959-இல், 29 வயதில் போய்விட்டவர். அந்த வயதுக்குள் அவர் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டுகளை எங்கள் லயத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, எழும்பும் இருட்டு நேரத்திலேயே யாராவது ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு போவார். பால் வாளியைத் தோளில் சுமக்கும் காண்டாக்கம்பில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தைக்குத் தெரியும். என் பேத்திக்குத் தெரியவில்லை. அவள்மேல் குற்றமில்லை, அவள் கையில் இருந்த கருவி சொல்லவில்லை.

அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். வானொலிதான். இன்றைய மின்னல் பண்பலைக்கு முந்தைய அந்த மலேசிய அரசின் ஆர்.டி.எம். தமிழ் வானொலியில் பாட்டு ஒலிக்கும் முன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், எழுதியவர், பாடியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார். சாமி கும்பிடும்போது சொல்லும் வரிசை மாதிரி அது எங்களுக்கு மனப்பாடம். வானொலிக்கு அடுத்தபடி மைக் செட்காரர். தீமிதித் திருவிழாவுக்குக் குழாய் கட்டினாரென்றால் ராத்திரி முழுக்க இசைத்தட்டுதான். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனத் தட்டைப் போட்டால் மொத்த லயமும் வாசலுக்கு வந்துவிடும். தருமியின் புலம்பலுக்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று படத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கும் தெரியும். வசனம் ஏ.பி.நாகராஜன், இசை கே.வி.மகாதேவன் என்பதும் தெரியும்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒரு நாள் கூலி கிட்டத்தட்ட ஒரு தட்டுக்குப் போய்விடும் என்று அம்மா குறைப்படுவார். ஆனாலும் சம்பளம் போட்ட வாரம் பட்டணத்துக்குப் போனால் ஒன்றாவது வாங்காமல் வரமாட்டார். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. வாங்கி வந்ததும் என்னை மடியில் உட்காரவைத்து உறையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வார். 'கண்ணதாசன்' என்ற பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தது பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இல்லை, அந்த உறையில்தான்.

இன்றைக்கும் பழைய சாமான் வாங்குகிறவர் எப்போதாவது கூப்பிடுவார், "அண்ணே, ஒரு பெட்டி வந்திருக்கு" என்று. அப்படிப் போன மாதம் ஒரு தட்டு வந்தது. உறை ஈரத்தில் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. தட்டை விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேரே சாய்த்தால் விபூதி தூவியது மாதிரி பூஞ்சை. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இதிலிருந்து தப்பிக்கிற தட்டு குறைவு. லேபிள் நனையாமல் ஒரு மூடியை வைத்து அழுத்திக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெத்தென்ற துணியால் வரி ஓடுகிற திசையிலேயே துடைத்தேன். குறுக்கே துடைத்தால் கீறல் விழுந்துவிடும். அப்புறம் கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு அலசல். மின்விசிறி போடாமல், தட்டு அடுக்கும் கம்பியில் நிறுத்தி இரண்டு மணி நேரம் காயவிட்டேன். விசிறி போட்டால் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். காய்கிற நேரத்தில் உறையைப் பிரித்து நீவிவிட்டேன். முன்பக்கத்தில் ஊதா மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அன்பு மணமக்களுக்கு, இரண்டாம் டிவிஷன் நண்பர்கள்.' கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு! பின்பக்கத்தில் நான்கு பாட்டு, நான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் பாடியவர், எழுதியவர். கடைசியில் இசை: விஸ்வநாதன் – ராமமூர்த்தி.

ஊசியை வைத்தேன். கொஞ்ச நேரம் சரசரவென்ற சத்தம், அப்புறம் வயலின்.

அதே பாட்டை அன்று இரவு இணையத்தில் தேடினேன். தெளிவாகத்தான் இருந்தது, நல்ல ஒலி. ஆனால் இசை என்று எம்.எஸ்.விஸ்வநாதன் பெயர் மட்டும். டி.கே.ராமமூர்த்தி காணவில்லை. இருவரும் சேர்ந்து இசையமைத்தது 1965 வரை. 'பாசமலர்', 'புதிய பறவை', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் அந்தக் கூட்டணியின் படங்கள். பிரிந்ததற்குப் பின்னால் வந்தவை எம்.எஸ்.வி. தனியாகச் செய்தவை. இதை ஒரு பாட்டு ரசிகனிடம் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் உங்கள் பட்டியலை நம்புகிற ஒரு பிள்ளைக்கு ராமமூர்த்தி என்று ஒருவர் வாழ்ந்ததே தெரியாமல் போகும். அவர் 2013-இலும் எம்.எஸ்.வி. 2015-இலும் காலமானார்கள். 'என் பெயர் எங்கே' என்று கேட்க ராமமூர்த்தி இப்போது வரமுடியாது. அதனால்தான் நான் கேட்கிறேன்.

இன்னொன்று. 1980-இல் வந்த 'பொல்லாதவன்' பாட்டைத் தேடினால் 2007-இல் வந்த 'பொல்லாதவன்' படத்தின் அட்டை வந்து நிற்கிறது. இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. இசையமைப்பாளரும் வேறு, காலமும் வேறு.

நாங்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடையில் காலி கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் பதிவு செய்து வைத்திருப்பார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. அட்டையில் பாட்டின் முதல் வரியை மட்டும் பேனாவால் எழுதித் தருவார்கள். எழுதியவர் பெயர் அப்போதே உதிர ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு வரவேண்டிய பணமும் வராமல் போனது. அதை மறைக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பின்னாளில் எக்கோ நிறுவனத்தின் தட்டுகளையும் அசல் கேசட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினேன். அசல் கேசட்டின் அட்டையை விரித்தால் மடிப்பு மடிப்பாகப் பெயர்கள் வரும். ஏ.ஆர்.ரஹ்மான் வந்த பிறகு பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் அச்சிட்டார்கள். 'பம்பாய்' படத்தின் தீம் இசையில் புல்லாங்குழல் நவீன் என்று இந்தத் தோட்டத்து ஊரில் இருந்த எனக்குத் தெரிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

அந்த தீம் இசையில் ஒரு வரிப் பாட்டுகூட இல்லை. அப்படியும் ஜனங்கள் ரசித்தார்கள். பின்னணி இசையைத் தனித் தொகுப்பாகப் போட்டால் யார் கேட்பார்கள் என்று தயங்காதீர்கள். 1976-க்குப் பிறகு இளையராஜா படத்துக்குப் படம் எழுதிக் குவித்த பின்னணி இசையைப் படத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து, நடுவில் கதவு சாத்தும் சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாடாக்கள் எங்கேயாவது மிச்சம் இருந்தால் தயவுசெய்து வெளியே கொண்டுவாருங்கள். இது என் ஆசை, முதல் கோரிக்கை அதுவல்ல.

பெயர் போடுவதற்குப் பெரிய செலவு இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு இருக்கிறது. பாட்டை ஏற்றும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் யாராவது உட்கார்ந்து பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். விவரம் உங்கள் பழைய பதிவேடுகளில் இருக்கும். இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களின் அலமாரியில் இருக்கிறது.

நாள் கடத்தவும் முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான் உரிமை. 1964-இல் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு கணக்கு. ஆனால் ஒலிப்பதிவை இனி யார் வேண்டுமானாலும் எடுத்து ஏற்றலாம். அவர்கள் எங்கேயிருந்து விவரத்தை எடுப்பார்கள்? உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான். அங்கே ராமமூர்த்தி இல்லாவிட்டால் நூறு இடத்தில் இல்லாமல் போவார். அப்புறம் யார் திருத்துவது? எழுதியவர் தன் படைப்புக்குத் தன் பெயரைக் கோரலாம் என்று அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. நியாயம் என்று நமக்குப் படுவது சட்டத்திலும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபதுகளின் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. எல்லா வாத்தியமும் ஒரே வழியில் வரும், அதற்குள்தான் அந்தப் பாட்டின் அழகு. அவற்றை இரண்டு பக்கமும் பிரித்து, எதிரொலி சேர்த்து, மேலே புது டிரம்ஸ் போட்டு 'புதுப்பித்தது' என்று வெளியிடுகிறீர்கள். பிடித்தவர்கள் கேட்கட்டும். ஆனால் பழைய பதிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்காதீர்கள். பக்கத்தில் வையுங்கள். பி.சுசீலாவின் குரலுக்குப் பின்னால் அவர் கேட்டேயிராத ஒரு டிரம்ஸ் அடிப்பதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சரி, கேட்பதோடு நிறுத்தாமல் நான் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். என்னிடம் இருக்கிற தட்டுகளின் உறை, லேபிள் இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் விவரத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி ஏழு நோட்டு ஆகிவிட்டது. காசு எதுவும் வேண்டாம். கேட்டால் அன்று ராத்திரியே அனுப்பிவைப்பேன். உங்களிடம் தேய்ந்துபோன தட்டு என்னிடம் நல்லதாக இருந்தால் இரவலாகவும் தருவேன். ஆள் அனுப்புங்கள், கையோடு கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பிக் கொடுக்க மட்டும் மனம் வராது. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமும் பேசிவிட்டேன், சம்மதம்தான்.

எனக்கும் உங்களிடமிருந்து ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அப்பாவின் பெட்டியில் 78 சுற்றுத் தட்டு ஒன்று, விளிம்பில் சின்ன உடைசல். ஒரு மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகி லேபிளில் தண்ணீர் பட்டுவிட்டது. படத்தின் பெயர் தெரிகிறது, பாடியவர் பெயர் தெரிகிறது. எழுதியவர் பெயரில் '...தாசன்' என்ற கடைசிப் பகுதி மட்டும் மிச்சம். கண்ணதாசனா, கம்பதாசனா? படத்தின் பாட்டுப் புத்தகம் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. தட்டின் நடுவில் பொறித்திருக்கிற எண் தெளிவாக இருக்கிறது. அந்த எண்ணை எழுதி அனுப்பினால் உங்கள் பதிவேட்டைப் புரட்டிச் சொல்ல முடியுமா? அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேர்க்கும் ஒரு ரசிகன்,
சுங்கை சிப்புட், பேராக்