அண்ணனுக்கு: பாப்பாவிடம் ‘ஜேம்ஸ்’ கொடுத்தது நான்தான்

அண்ணே,

பாப்பா கையில் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவல் இருப்பதைப் பார்த்தாயாம். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். கொடுத்தது நான்தான். முதலில் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் படிக்கட்டும், அதே கதையை அடிமை ஜிம் தானே சொல்வதாக மாற்றி எழுதிய இதெல்லாம் அப்புறம் என்று நீ சொல்லியிருந்தது நன்றாக நினைவிருந்தும் கொடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாததற்கு மன்னித்துவிடு. சொல்லியிருந்தால் நீ ஒரு மணி நேரம் பேசியிருப்பாய், நான் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைப் பையிலேயே திரும்ப எடுத்து வந்திருப்பேன். நம் வீட்டில் எப்போதும் அதுதானே நடக்கிறது.

போனில் சொல்லாமல் இங்கே எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நாலு பேர் படித்துவிட்டு உன்னிடம் கேட்பார்கள் என்பதற்காகவாவது கடைசிவரை படிப்பாய்.

ஹக்கின் கதை எனக்கு உன் குரலில்தான் வந்தது. கரண்ட் போன ராத்திரிகளில், டார்ச் அடித்து இங்கிலீஷில் ஒரு பக்கம் பார்ப்பாய், தமிழில் எங்களுக்குச் சொல்வாய். ஹக்கும் ஜிம்மும் தெப்பத்தில் போகையில், அடிமைத்தனம் இல்லாத பக்கம் போக இறங்க வேண்டிய கெய்ரோ என்ற ஆற்றங்கரை ஊரை மூடுபனியில் தெரியாமல் தாண்டிவிட்டார்கள், தப்பிக்க வேண்டிய ஜிம் இன்னும் தெற்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று நீ சொன்ன அன்று சாப்பிடாமல் படுத்தேன். அந்த மாதிரி கதை சொல்ல உன்னைத் தவிர யாரும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்ந்த பகுதியைச் சொன்னாயே, அந்த ராத்திரி. ஜிம்மைக் குடிசையில் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். கைதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டாம் எலி, சிலந்தி, பாம்பெல்லாம் பிடித்துவந்து உள்ளே விடுகிறான். சாணைக்கல்லை இரண்டு பையன்களால் உருட்ட முடியவில்லை. ஜிம்மே சங்கிலியோடு வெளியே வந்து, தன் சிறைக்கு வேண்டிய கல்லைத் தானே உருட்டிக்கொண்டு போகிறான். நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அப்பாயி மட்டும் கேட்டாள்: “அவன் பொண்டாட்டி புள்ளைங்க என்ன ஆனாங்க?”

நீ பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாய். “அதெல்லாம் கதைல வராது அப்பாயி.”

“எழுதுனவரு அவன்கிட்ட கேக்கவே இல்லையா?”

அதற்கும் சிரித்தாய்.

அப்பாயிக்கு ஏன் அதுதான் முதலில் தோன்றியது என்று நம் இருவருக்கும் தெரியும். இதைச் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதனால் யார் வயல், எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம்.

சின்னப் பையன், சிரித்தாய், சரி. 2025-இல் ‘ஜேம்ஸ்’ நாவலுக்காக எவரெட்டுக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, “அடுத்தவன் வீட்டு மேல மாடி கட்டிப் பேரு வாங்குறான்” என்று குடும்ப குரூப்பில் போட்டாயே, அப்போது உனக்கு என்ன வயசு?

ட்வைனைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. அவர் கேட்டிருக்கிறார், அண்ணே. நியூயார்க் மாநிலத்து எல்மைரா ஊரில் மைத்துனி வீட்டுப் பண்ணையில் சமையல் செய்த மேரி ஆன் கார்டு என்ற அம்மாவிடம், இத்தனை வயசு கவலையே இல்லாமல் எப்படி வாழ்ந்தாய் என்று கேட்டார். அந்த அம்மா தன் கதையைச் சொன்னார்: ஏலத்தில் கணவரையும் ஏழு பிள்ளைகளையும் பிரித்து விற்றார்கள்; கடைசி மகன் ஒருவன்தான் பல வருஷம் கழித்துக் கிடைத்தான். அதை அந்த அம்மாவின் பேச்சிலேயே எழுதி 1874-இல் பத்திரிகையில் வெளியிட்டார். ஹக் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அதிலும் 16ஆம் அத்தியாயத்தில் ஜிம் தெளிவாகச் சொல்கிறான்: காசு சேர்த்து மனைவியை மீட்பேன், இருவரும் உழைத்துப் பிள்ளைகளை மீட்போம், முதலாளி விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடுவேன். கடைசியில் டாம் கொடுத்த 40 டாலரோடு அவனை நிறுத்திவிட்டுப் புத்தகம் முடிகிறது. மனைவி, பிள்ளைகள் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் கேட்டறிந்த மனிதர் இதை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

எவரெட்டின் நாவலில் ஜேம்ஸ் என்று வரும் அதே ஜிம் முதலிலிருந்து கடைசிவரை அந்த ஒரு வரிக்காகத்தான் அலைகிறான்: மனைவி சேடி, மகள் லிஸி. வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படித் தத்துப்பித்தென்று பேசுவது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். அவன் எழுத ஒரு துண்டுப் பென்சிலைத் திருடித் தந்தவன் அதற்காகவே சாகிறான். ஹக்கின் பிறப்பு பற்றி எவரெட் வைத்த திருப்பம் எனக்கும் ஒட்டவில்லை. அதில் நீ சண்டைக்கு வந்தால் உன் பக்கம் நிற்பேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் ஜேம்ஸின் கனவில் வந்து வாதாடும் இடம் உனக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் நீ படிக்கவே இல்லையே. படிக்காமல்தானே அந்த மெசேஜ்?

பாப்பாவைத் திட்டாதே. காலேஜ் போகிற பெண், எதை முதலில் படிப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். ஜேம்ஸை முடித்ததும் ஹக்கைக் கேட்டு உன்னிடம்தான் வருவாள். நீயே சொல்லு, உன் குரலில். எலி, பாம்பு, சாணைக்கல் எதையும் விடாதே. அவள் சிரிக்காவிட்டால் ஏன் என்று கேள்.

உன் தங்கை