ஆடிக் காற்றுக்கு எந்தப் பெல்லட் என்று கேட்ட குற்றத்துக்காக

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி), அதற்குத் தவறான பெல்லட் (ஈயக் குண்டு), வீண் அலைச்சல் தொடர்பாக

ஐயா,

வணக்கம். ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல் போட்டேன். நான்குக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில். உங்கள் தலைமை அலுவலகம் கோவையில்தானே இருக்கிறது, நானும் பெங்களூரு அல்சூரில் ஐம்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறவன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இதையாவது ஒரு மனிதர் படிக்கட்டும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஓசூர் பக்கம் தம்பியின் மாந்தோப்பில், மணல் மூட்டைக்கு முன்னால் காகிதம் மாட்டி, 40 மீட்டரில் சுடுகிறோம். ஆடி மாதம் காற்று பலமாக இருக்கும். அதற்கு எந்த அளவு, எந்த எடை பெல்லட் சரிவரும்? உங்கள் ஆள் யோசிக்கவே இல்லை. "இந்த மாடல் நொடிக்கு 1000 அடி சார், 7 கிரெயின் எடையுள்ளது போடுங்க. வேகமாப் போனா காற்று ஒண்ணும் பண்ணாது" என்றார். நம்பித் துப்பாக்கிக்கு 14,500 ரூபாய் கட்டினேன்.

வந்த பெல்லட் 5.5 மி.மீ. விட்டம். துப்பாக்கிக் குழல் 4.5. உங்கள் பெட்டியில், உங்கள் கையால் வைத்தது! குழலை மடித்து, பெல்லட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பாதிகூட இறங்கவில்லை, விரலில் ஈயக் கறுப்பு ஒட்டியதுதான் மிச்சம். மாற்றித் தரப் பதினேழு நாள். அப்புறம் வந்தது தட்டைத் தலை 7 கிரெயின். தட்டைத் தலை எதற்கு என்று உங்களுக்குத் தெரியாததா? காற்றே இல்லாத உள்ளரங்கில், 10 மீட்டரில், காகிதத்தில் ஓட்டை வட்டமாக விழுவதற்கு. தோப்பில் அது ஒரு சாண் தள்ளிப் போய் மூட்டையின் ஓரத்தில் குத்துகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அரை கிராம் ஈயம் எம்மாத்திரம்?

இதில் பீன்யாவில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கக்கூடிய விஷயமா அது! துப்பாக்கியை மெட்ரோவில் விட மாட்டார்கள். ஆட்டோவில் போக 420, வர 460. அங்கே ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, சாப்பாட்டு நேரமாம். முக்கால் மணி நேரம் துப்பாக்கிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். பிறகு வந்த இளைஞரிடம் அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் தமிழில் சொன்னார்: "காற்று அடிச்சா, நின்னதுக்கப்புறம் சுடுங்க சார்." பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்கு அறுபத்தி மூன்று வயது. என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவன் நான்.

அவருக்குத் தெரியாவிட்டால் நானே சொல்கிறேன். பெல்லட் காற்றில் விலகுவது அது எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல, வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1100 அடி. அதை நெருங்க நெருங்க காற்றின் தடை எகிறும். லேசான பெல்லட் சீக்கிரமே திணறிவிடும். .22 போட்டித் தோட்டாக்களைக்கூட ஒலி வேகத்துக்குக் கீழேதானே செய்கிறார்கள்? நண்பர் ஒருவரிடம் உருண்டைத் தலை 10.3 கிரெயின் கடன் வாங்கிப் போட்டேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் விலகல் பாதியாகக் குறைந்தது. இந்த ஒரு வரி பதிலுக்காகவா இரண்டு மாதம்?

மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பதிலாக உங்கள் ஆள் ஓர் அமெரிக்கக் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தார். அங்கே புல்வெளியில் வளை தோண்டும் பிரெய்ரி டாக் என்ற அணில் இனப் பிராணியை 300 கஜத்துக்கு அப்பாலிருந்து சுட, வேட்டைத் தோட்டாக்களில் .204 ரூகரா, .22-250யா, .243 வின்செஸ்டரா என்று. ஐயா, இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நான் சுடுவது காகிதத்தை. சரி, அனுப்பியதைப் படித்தாவது பார்த்தாரா? காற்று பலமாக இருந்தால் .204இன் 32 கிரெயின் குண்டை விட்டுவிட்டு .243இன் கனமான குண்டுக்குப் போ என்றுதான் அதிலும் இருக்கிறது!

இன்னொன்று. 7 கிரெயின் பெல்லட் 1000 அடி வேகத்தில் போனால் அதன் சக்தி 21 ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் அளவைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். ஆக, உங்கள் விளம்பரம் பொய், இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாத எனக்கு நீங்கள் விற்றது தப்பு. இரண்டில் எது என்று எழுத்தில் சொல்லுங்கள். இதை நான் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேட்கும்படி வைக்காதீர்கள்.

நான் சண்டைக்காரன் இல்லை. பணிவாகவே கேட்கிறேன். ஆடி முழுக்கப் போய்விட்டது. பதினைந்து வருஷமாக ஞாயிறுதோறும் கூடும் எங்கள் குழுவே இதனால் கலைந்துவிட்டது என்று சொல்வேன். துப்பாக்கியின் விலை, ஆட்டோ செலவு, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டால் ஒரு லட்சத்தைக் குறைத்துக்கொள்ளத் தயார்.

இப்படிக்கு,
அல்சூர் வாடிக்கையாளர்

பி.கு.: 5.5 மி.மீ. டப்பாக்களில் ஒன்று பிரித்தது, ஒன்று பிரிக்காதது. இரண்டும் என்னிடமே இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பீன்யாவுக்கு இனி நான் வர மாட்டேன்.