டிரைவர் சித்தப்பாவின் குதிரைகள்

டேய் மூர்த்தி,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன், இதுவும் காரியமாகத்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பெரியவன் உன்னை மாதிரியே கணக்கில் முட்டை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

விஷயம் நம்ம டிரைவர் சித்தப்பா. குடமுருட்டிக் கரையில் அவர் செய்து நிறுத்தி வைத்திருக்கிற குதிரைப் பொம்மைப் படை இருக்கிறதே, அந்தப் புறம்போக்கை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆக்கிரமிப்பாம். நீ பார்த்தபோது நாலைந்துதான் இருந்திருக்கும், இப்போது படுகை முழுக்கக் குதிரை. ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிற இடமெல்லாம் சைக்கிளில் போய் உடைந்த ஓடு, பாத்ரூம் டைல்ஸ், பீங்கான் பியூஸ் கேரியர் என்று அள்ளிக்கொண்டு வருவார். பியூஸ் கேரியரைக் கவிழ்த்து வரிசையாகப் பதித்தால் பல், வளையல் துண்டில் பிடரி. களத்துப் பக்கம் நிற்பது அப்படியே நம்ம ஹெட்மாஸ்டர், அந்த முறைப்பு.

நேக் சந்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சுடா. உடைசல்களை வைத்தே சண்டிகரில் ராக் கார்டன் என்ற பொம்மைத் தோட்டத்தை உண்டாக்கியவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர், பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர், ஓவியப் பள்ளிப் பக்கமே போகாதவர். லெ கார்பூசியர் என்ற வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் திட்டம் போட்ட புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் கழிவைச் சைக்கிளில் சுமந்து, எதுவுமே கட்டக்கூடாத காட்டுப் பள்ளத்தில், 1950களின் கடைசியிலிருந்து வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் பொம்மை செய்திருக்கிறார். தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம்.என். சர்மா போய்ப் பார்த்தாராம், பார்த்துவிட்டு வெளியே சொல்லாமல் விட்டுவிட்டாராம்! சட்டப்படி இடித்திருக்க வேண்டியதை 1976-ல் திறந்துவைத்து, நேக் சந்துக்குச் சம்பளமும் வேலைக்கு ஆட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. பின்னால் ரோடு போட புல்டோசர் வந்தபோது ஊர் ஜனமே குறுக்கே நின்றது.

திறமை சித்தப்பாவிடமும் இருக்கிறது. ஒரு சர்மாதான் இல்லை.

நேக் சந்த் இறந்தது 2015 ஜூன் 12. நமக்கு அது மேட்டூர் திறக்கிற நாள் இல்லையா, இங்கே தூர்வார மிஷின் அதற்குள் வந்துவிடும்.

அளந்துவிட்டுப் போன அந்த ஆபீசில்தானே நீ இருக்கிறாய். சட்டத்தை வளை என்று கேட்கவில்லை, உங்கள் பெரியவரை ஒரு தடவை நேரில் கூட்டி வா. போட்டோவில் காட்டித் தொலைக்காதே, போட்டோவில் எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். சித்தப்பாவிடமும் கலை கிலை என்று ஆரம்பிக்காதே, எழுந்து போய்விடுவார்.

கிளம்பும்போது போன் பண்ணு.

உன்,
பட்டாணி